பிரான்சில் ஒரு கல்லுக்காடு: செம்மறி வளர்ப்போர் பார்க்க வேண்டிய அவெரோன்

கேள்வி: எங்கள் மகன் பிரான்ஸ் நாட்டில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். வரும் ஆண்டு எங்கள் இருவரையும் அங்கே அழைத்திருக்கிறான். எங்களுக்கு மானாவாரி நிலமும் 60 செம்மறி ஆடுகளும் இருக்கின்றன. பாரிஸைப் பார்ப்பதைவிட, அந்த நாட்டு விவசாயிகளும் ஆடு மாடுகளும் இருக்கும் கிராமப் பகுதியைப் பார்க்கத்தான் ஆசை. ஐந்து நாள் கிடைத்தால் எங்கே போகலாம், எதை எதைப் பார்க்கலாம்?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்களுக்குப் பொருத்தமான பகுதி துலூஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் அவெரோன். தெற்கு பிரான்சில், 8,735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாவட்டம். தலைநகர் ரோதெஸ். கடற்கரை கிடையாது, பெரிய நகரமும் கிடையாது. பாறையும் மேடும் மேய்ச்சல் நிலமும்தான் அதிகம். ஆனால் பிரான்சிலேயே அதிகமான செம்மறி ஆடுகள் உள்ள மாவட்டம் இதுதான்.

முதல் முறை போகிறவர்களுக்கு இங்கே பார்க்க எத்தனையோ இருக்கிறது. ஆனால் விவசாயியின் கண்ணோடு போகிறவர்கள் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போனால் நல்லது. மண் வளமில்லாத ஊரில், சிறு விவசாயி எதைப் பிடித்துக்கொண்டு நிலைத்தான்? இதற்கு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விடை சொல்லும். ஓர் ஊர் தன் பெயரைச் சட்டத்தால் காத்தது. ஓர் ஊர் நிலத்தைக் காத்தது. இன்னோர் ஊர் பெயரைப் பதிவு செய்யாமல் விட்டு இழந்தது.

முதல் நாள்: ரோக்ஃபோர் குகைகள்

நம் பக்கம் செம்மறியின் பால் குட்டிக்குத்தான். அவெரோனில் செம்மறியை வளர்ப்பதே பாலுக்காக. லாகோன் என்ற இனம். தலையும் காலும் தவிர வயிற்றுப் பக்கம்கூட கம்பளி குறைவாக இருக்கும், மடி பெரிது. குட்டிகளை ஏறத்தாழ ஒரு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, காலையும் மாலையும் இயந்திரத்தில் பால் கறக்கிறார்கள். 1960களிலிருந்து ஒவ்வோர் ஆட்டின் பாலையும் அளந்து பதிவு செய்து, நல்ல பால் தரும் வழியில் பிறந்த கிடாய்களைக் கொண்டு செயற்கை முறைக் கருவூட்டல் செய்து, இனத்தை மேம்படுத்தினார்கள்.

இந்தப் பால் போய்ச் சேரும் இடம் ரோக்ஃபோர் என்ற சிறிய ஊர். கொம்பாலூ என்ற பாறை மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பழங்காலத்தில் அந்த மலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்து, பாறைகளுக்கு நடுவே குகைகளும் நீண்ட வெடிப்புகளும் உண்டாயின. அந்த வெடிப்புகளை ‘ஃப்ளூரின்’ என்கிறார்கள். அவற்றின் வழியாக ஆண்டு முழுவதும் குளிர்ந்த ஈரக் காற்று வந்துகொண்டே இருக்கும். குளிர்பதன இயந்திரம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இயற்கை கட்டிக்கொடுத்த குளிர்சாதனக் கிடங்கு அது. அதற்குள் பல மாடிகளாக மரப்பலகை அடுக்கி, சீஸ் வட்டுகளை முதிர வைக்கிறார்கள்.

ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் நான்கரை லிட்டர் பால் வேண்டும். காய்ச்சாத முழுப்பாலை உறைய வைத்து, தண்ணீரை வடித்து, உப்புத் தடவி, ஊசிகளால் குத்தித் துளை போடுகிறார்கள். பாலில் சேர்த்த ‘பெனிசிலியம் ரோக்ஃபோர்தி’ என்ற பூஞ்சாணம் அந்தத் துளை வழியே காற்று கிடைத்து நீலப்பச்சையாக வளரும். முன்பு இந்தப் பூஞ்சாணத்தைக் கம்புபோல் மெலிந்த மண்ணில் விளையும் ‘ரை’ என்ற தானியத்தின் ரொட்டியில் வளர்த்தார்கள். குறைந்தது 90 நாள் முதிர்ந்த பிறகுதான் விற்பனைக்கு வரும். நுழைவுக்கட்டணம் வாங்கிக்கொண்டு குகைகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ருசி பார்க்கவும் கொடுப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 1411ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் அரசர் ஆறாம் சார்லஸ், இந்தச் சீஸை முதிர வைக்கும் உரிமை இந்த ஊராருக்குத்தான் என்று ஆணை கொடுத்தார். 1925இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. பிரான்சில் ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் சீஸ் இதுதான். நாம் ‘புவிசார் குறியீடு’ என்கிறோமே, 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்ததே, அதே வகைப் பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? லாகோன் இன ஆட்டின் பாலாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட எல்லைக்குள் கறந்ததாக இருக்க வேண்டும். இந்த ஊர்க் குகையில் முதிர்ந்ததாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயரில் விற்க முடியாது. 1930இல் பால் கொடுக்கும் விவசாயிகளும் சீஸ் செய்யும் ஆலைகளும் சேர்ந்து ஒரே கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். விலை, பாலின் தரம், கறவைக் காலம் போன்றவற்றை இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு அது வழி செய்தது. பேரம் எப்போதும் சுமுகமாக முடிந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் தனித்தனியாக ஆலை வாசலில் நிற்கும் நிலை மாறியது.

இரண்டாம் நாள்: லார்சாக் மேட்டுநிலம்

ரோக்ஃபோருக்குக் கிழக்கே லார்சாக் என்ற சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலம் இருக்கிறது. உயரம் சுமார் 800 மீட்டர். மழை பெய்தாலும் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கிப் போய்விடும். ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. புல்லும் புதரும் ஆடுகளும்தான். இங்கேயும் பக்கத்து செவென் மலைகளிலும் ஆடுமேய்ப்பு உருவாக்கிய நிலக்காட்சியை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கோட்டைச் சுவருக்குள் அடங்கிய லா கூவெர்துவாராத் என்ற பழைய ஊரை முதலில் பாருங்கள். சிலுவைப்போர்க் கால வீரத்துறவிகள் கோட்டையைக் கட்டினார்கள்; சுற்றுச்சுவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படம் எடுக்க எல்லாரும் சுவரின் பக்கம் போவார்கள். நீங்கள் சுவருக்கு வெளியே இருக்கும் குட்டையைப் பாருங்கள். ‘லவோஞ்’ என்று பெயர். தாழ்வான இடத்தில் களிமண்ணை அடித்து இறுக்கி, அதன்மேல் கல் பாவியிருப்பார்கள். எதற்குக் கல்? ஆடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும்போது குளம்பு களிமண்ணைத் துளைத்துவிட்டால் தண்ணீர் நிற்காது. கரை தட்டுப்போலச் சரிவாக இருப்பதால், தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் ஆடு இறங்கிக் குடிக்கலாம். சுக்காம்பாறை நிலத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் அளவெடுத்து வரத்தக்க வேலை அது.

லார்சாக்கின் பெரிய கதை 1971 அக்டோபரில் தொடங்குகிறது. அங்கே 3,000 ஹெக்டேரில் இருந்த ராணுவப் பயிற்சி முகாமை 17,000 ஹெக்டேராக விரிவாக்கப் போவதாக அரசு அறிவித்தது. ஏக்கர் கணக்கில், ஏழாயிரத்து ஐந்நூறு சுமார் நாற்பத்திரண்டாயிரமாக ஆகும். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த நிலம் போகும். ‘அங்கே என்ன இருக்கிறது, வெறும் கல்லுக்காடுதானே’ என்பதுதான் தலைநகரில் இருந்தவர்களின் எண்ணமாக இருந்தது.

1972 மார்ச்சில் லான்சா தெல் வாஸ்தோ என்ற பெரியவர் லா காவல்ரி என்ற ஊரில் இரண்டு வாரம் உண்ணாவிரதம் இருந்தார். இத்தாலியில் பிறந்தவர். 1930களில் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளுடன் தங்கியவர். ‘சாந்திதாஸ்’ என்று காந்தி அவருக்குப் பெயர் வைத்தார். கைகலப்பு இல்லாமல் போராடும் வழியை அவர் லார்சாக் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த மாதம் 28ஆம் தேதி, நிலம் போகவிருந்த விவசாயிகளில் ஏறத்தாழ அனைவருமான 103 பேர், யாரும் தனியாக நிலத்தை விற்பதில்லை என்று கையெழுத்திட்டு உறுதி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள். அதே 1972 அக்டோபரில் 60 ஆடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஈஃபில் கோபுரத்தின் கீழே மேய விட்டார்கள். டிராக்டர்களில் பாரிஸ் நோக்கிப் போனார்கள். 1978இல் நடந்தே போனார்கள். அனுமதி இல்லை என்று தெரிந்தும் லா பிளாக்கியேர் என்ற சிற்றூரில் பெரிய கல் ஆட்டுப்பட்டி ஒன்றைக் கட்டினார்கள். பல ஊர்களிலிருந்து வந்த தொண்டர்கள் கல் சுமந்தார்கள். அந்தப் பட்டி இன்றும் நிற்கிறது. கட்டாயம் பார்க்க வேண்டும். 1981இல் மித்தரான் குடியரசுத் தலைவரானதும் விரிவாக்கத் திட்டம் கைவிடப்பட்டது.

வெற்றிக்குப் பிறகு நடந்தது அதைவிட முக்கியம். அரசு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சுமார் 6,300 ஹெக்டேர் நிலத்தை, 1985இல் விவசாயிகளே நடத்தும் ஒரு சங்கத்திடம் நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. அந்த நிலத்தில் விவசாயம் செய்பவர் ஓய்வு பெறும்வரை வைத்துக்கொள்ளலாம். விற்க முடியாது, மனை போட முடியாது. ஓய்வு பெறும்போது அடுத்து விவசாயம் செய்ய வரும் குடும்பத்துக்குப் போகும். நிலம் வாங்கக் காசில்லாத இளைஞர்களும் அங்கே ஆடு வளர்க்க வர முடிந்தது இதனால்தான். ராணுவ முகாம் பழைய அளவில் இன்றும் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் உள்ளே நுழைய வேண்டாம்.

மூன்றாம் நாள்: மியோ பாலமும் பூச்சி மனிதரின் ஊரும்

மியோ நகருக்கு அருகே தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே 2,460 மீட்டர் நீளமான பாலம் போகிறது. உச்சி உயரம் 343 மீட்டர், ஈஃபில் கோபுரத்தைவிட அதிகம். ஏழே தூண்கள். 2004 டிசம்பரில் திறந்தார்கள். கீழே ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் அளவு புரியும்.

மியோ நகரம் வளர்ந்தது ஆட்டுத்தோல் கையுறையால். பாலுக்காகக் குட்டியைச் சீக்கிரம் பிரிப்பதால் இளங்குட்டித் தோல் நிறையக் கிடைத்தது. மெல்லிய அந்தத் தோல் கையுறைக்கு ஏற்றது. பால் ஒரு தொழில், கறி ஒரு தொழில், தோல் ஒரு தொழில் என்று ஓர் ஆடு மூன்று குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. பழைய பட்டறைகள் சில இன்னும் வேலை செய்கின்றன.

இந்த நகரம் 1999இலும் உலகச் செய்தியானது. ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்ததற்குப் பதிலடியாக, அமெரிக்கா ரோக்ஃபோர் சீஸ் உட்படச் சில பொருட்களுக்கு நூறு சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்டில் விவசாயிகள் மியோவில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கத் துரித உணவகத்தைப் பட்டப்பகலில் பிரித்துப்போட்டார்கள். தலைமை வகித்த லார்சாக் ஆட்டு விவசாயி ஜோசே போவே சிறை சென்றார்.

மாலையில் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சேன் லெயோன் ஊருக்குப் போகலாம். பூச்சிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் கவனித்து எழுதிய ழான் ஆன்ரி ஃபாப்ர் 1823இல் பிறந்த ஊர். ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சாணி உருட்டும் வண்டு, குளவி, கும்பிடுபூச்சி எல்லாம் எப்படி வாழ்கின்றன என்று வயலில் உட்கார்ந்து பார்த்தே எழுதினார். ‘மிக்ரோபோலிஸ்’ என்ற பெரிய பூச்சிக் காட்சியகம் அங்கே இருக்கிறது. நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்யும் பூச்சி எது என்று தெரிந்துகொள்ள விரும்பும் விவசாயிகள் அரை நாள் செலவிடலாம்.

நான்காம் நாள்: லயோல், ஓப்ராக் மலை

மாவட்டத்தின் வடக்கு மூலையில் ஓப்ராக் மேட்டுநிலம். இங்கே மாடுகள். இளம்பழுப்பு நிறம், நீண்ட கொம்பு, மை தீட்டியதுபோல் கருப்பு வளையமிட்ட கண். ஓப்ராக் இனம் என்றே பெயர். மே மாதக் கடைசியில், 25ஆம் தேதியை ஒட்டி, கீழேயுள்ள பண்ணைகளிலிருந்து மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள். மாட்டுக்குப் பூவும் கொடியும் பெரிய மணியும் கட்டி, ஊரே கூடி நடத்தும் திருவிழா. நம் மாட்டுப் பொங்கலைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அக்டோபரில் திரும்ப இறங்கும்.

மலையில் ஆங்காங்கே ‘பூரோன்’ என்ற கல் குடிசைகள் இருக்கும். கோடை முழுவதும் அங்கேயே தங்கிப் பால் கறந்து சீஸ் செய்த இடங்கள். ஆள் கிடைக்காமல் அந்தத் தொழில் அழியவிருந்தபோது, 1960இல் உள்ளூர் இளம் விவசாயிகள் கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ‘லயோல்’ சீஸுக்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. லயோல் ஊரில் சங்கத்தின் ஆலையைப் பார்வையிடலாம். புதுச் சீஸை உருளைக்கிழங்கு மசியலில் போட்டுக் கிளறும் ‘அலிகோ’ என்ற சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் கயிறுபோல் நீளும்.

அதே ஊருக்கு இன்னொரு பெயர்பெற்ற பொருள் உண்டு, மடக்குக் கத்தி. மாடு மேய்ப்பவர்கள் இடுப்பில் வைத்திருந்தது. கத்தி செய்பவர்கள் அந்தப் பெயரைக் காலத்தில் காத்துக்கொள்ளவில்லை. 1993இல் வெளியூர்க்காரர் ஒருவர் ‘லயோல்’ என்ற பெயரைப் பலவகைப் பொருட்களுக்குத் தன் வணிகக் குறியீடாகப் பதிவு செய்துகொண்டார். வெளிநாட்டில் செய்த மலிவுக் கத்திகளும் அந்தப் பெயரில் கடைக்கு வந்தன. ஊராட்சி நீதிமன்றத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் அலைந்தது. 2012இல் ஊர் மக்கள் எதிர்ப்பைக் காட்ட, ஊர்ப்பெயர்ப் பலகையையே கழற்றினார்கள். பின்னர் நீதிமன்றங்கள் அந்தப் பதிவுகளில் பலவற்றை ரத்து செய்தன. ஒரே ஊரில், சீஸின் பெயர் பத்திரமாக இருந்தது. கத்தியின் பெயருக்காகப் பல ஆண்டு வழக்கு. ஊர்ப்பெயரால் விலை பெறும் பொருள் எதை விளைவிப்பவரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஐந்தாம் நாள்: கோங்க், ரோதெஸ்

கோங்க் என்ற மலையூரில் 11, 12ஆம் நூற்றாண்டுக் கோயில் இருக்கிறது. பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் இன்றும் தங்கிச் செல்கிறார்கள். வாசலுக்கு மேலே, நியாயத்தீர்ப்பு நாளைக் காட்டும் சிற்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அதை நிதானமாகப் பாருங்கள். வழியில் ரோதெஸ் நகரத்தின் செந்நிறக் கல் கதீட்ரல் இருக்கிறது. அந்த நாள் வியாழக்கிழமையாக அமைந்தால், துலூஸ் திரும்பும்போது காலையிலேயே வில்ஃப்ரான்ஷ் தெ ரூவேர்க் ஊரின் வாரச்சந்தைக்குப் போய்விடுங்கள். விளைவித்தவர்களே கடை போடும் சந்தை.

எப்போது போகலாம்?

மே மூன்றாம் வாரம் முதல் ஜூன் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஆடுகள் கறவையில் இருக்கும். மேய்ச்சல் பச்சையாக இருக்கும். மாடு ஏற்றும் விழாவும் அப்போதுதான். ஆகஸ்டுக்குப் பிறகு போனால் கறவை வற்றியிருக்கும், பால் கறப்பதைப் பார்க்க முடியாது. மேயிலும் காலையில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். பேருந்து வசதி மிகக் குறைவு. மகன் காரோடு வருவது நல்லது.

கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை

* விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மகன் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் வசிக்கும் ஊரின் நகராட்சி அலுவலகத்தில் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற விருந்தினர் ஏற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

* நெய், பால்கோவா, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகத் தடை. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் தவிர மற்றப் பழங்களுக்கும் காய்கறிக்கும் விதைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். அங்கிருந்து விதை எடுத்து வருவதும் அனுமதி இல்லாமல் கூடாது.

* கோமாரி நோய் பிரான்சில் இல்லை. நம் நாட்டில் இருக்கிறது. சொந்தப் பட்டியில் போட்ட செருப்பை அங்கே கொண்டுபோக வேண்டாம். துவைத்த உடை, புதிய காலணியோடு போங்கள். பண்ணைக்காரர் மேலுறை கொடுத்தால் தயங்காமல் அணியுங்கள்.

* ஓநாய் மீண்டும் தென்படுவதால் சில மந்தைகளுடன் பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். மந்தையை விட்டு விலகிச் சுற்றிப் போங்கள். நாயைத் தடவ வேண்டாம்.

* சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: ரோக்ஃபோரில் பாலை உறைய வைப்பது கன்று அல்லது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. காய்ச்சாத பால் என்பதால் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது.

* ‘பியன்வென்யூ அ லா ஃபெர்ம்’ என்ற பலகை உள்ள பண்ணைகள் விருந்தினரை வரவேற்பவை. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த வாசலிலும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பண்ணையில் கேட்க வேண்டிய கேள்விகள்

மகனை மொழிபெயர்க்கச் சொல்லி இவற்றைக் கேளுங்கள்: ஓர் ஈற்றில் ஓர் ஆடு எத்தனை லிட்டர் கறக்கிறது? குட்டியை எத்தனை நாளில் பிரிக்கிறீர்கள், பிரித்த பிறகு என்ன தீவனம்? கோடையில் புல் காய்ந்தால் என்ன செய்கிறீர்கள்? பால் விலையை யார், எப்போது முடிவு செய்கிறார்கள்? நிலம் சொந்தமா, குத்தகையா? உங்களுக்குப் பிறகு இந்தப் பட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கடைசிக் கேள்விக்கு அங்கேயும் சட்டென்று பதில் வராது. ஒவ்வொரு பண்ணையிலும் அதைக் கேளுங்கள். லார்சாக்கில் ஒரு பதிலும், மற்ற ஊர்களில் வேறு பதிலும் கிடைக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுத்து வாருங்கள்.